ஒரு தட்டுச் சோறும் பதினொரு பதிவேடுகளும்



பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களின் பிள்ளைகளைப் பற்றி நாங்கள் எழுதும்போதெல்லாம் உங்களில் சிலர் இரண்டு கேள்விகளை எழுப்புகிறீர்கள். "அரசாங்கம்தான் பால்வாடியில் சோறும் முட்டையும் கொடுக்கிறதே, பிறகு ஏன் பிள்ளைகள் மெலிந்து போகிறார்கள்?" என்பது ஒன்று. "நாமே அரிசி பருப்பு வாங்கிச் சமைத்துப் போட்டால் என்ன? எதற்கு இத்தனை சான்றிதழும் பதிவேடும்?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அது அங்கன்வாடியின் மூலையில் உள்ள மேசைமேல் அடுக்கி வைத்த நோட்டுகளில் இருக்கிறது. அந்த நோட்டுகளைப் பற்றித்தான் இந்த இதழில் சற்று விரிவாக எழுதுகிறோம்.

ஏரியும் அதன் மக்களும்

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்கோடி மட்டும் நமது திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் சேர்ந்தது. லைட் ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம் போன்ற ஊர்கள் கடலை ஒட்டி இருக்கின்றன. ஏரிக்குள் யார் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்பதை 'பாடு' என்ற பழைய முறைப்படி மீனவக் கிராமத்தார் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இருளர் குடும்பங்கள் ஆழமில்லாத நீரில் இறங்கி, கையாலேயே இறால் தடவிப் பிடித்துப் பிழைக்கின்றன.

இங்கு வருமானம் நிலையானதல்ல. ஏரியின் முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துவிட்டால் மீன் வரத்து குறைந்துவிடும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போக முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் கரையிலேயே நிற்கும். 2004 டிசம்பர் சுனாமியையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் இந்த மாவட்டத்துக் கடலோர மக்கள் மறக்கவில்லை.

மீன் கிடைக்கிற நாளில் தாய் கூடையுடன் சந்தைக்குப் போய்விடுகிறாள். இறால் தடவும் தாய் தண்ணீரில் நிற்கிறாள். சிறு பிள்ளை பாட்டியிடமோ, பள்ளி போக வேண்டிய அக்காவிடமோ விடப்படுகிறது. ஆகவே, வேலை கிடைக்காத நாளில் வீட்டில் உணவு குறைகிறது. வேலை கிடைத்த நாளில் ஊட்டுவதற்கு ஆள் இல்லை. இரண்டு நாட்களிலும் அந்தப் பிள்ளைக்குத் துணையாக இருக்க வேண்டிய இடம் அங்கன்வாடிதான்.

தர்மம் உரிமையான வரலாறு

1956-இல் காமராஜர் ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் தொடங்கியது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. 1980-இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, கிராமங்களில் இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளையும் அதில் சேர்த்தார்.

இவையெல்லாம் அரசுத் திட்டங்களே. குழந்தை கேட்டுப் பெறும் உரிமையாக அவை அப்போது இருக்கவில்லை. 2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கிற்குப் பின் நிலைமை மாறியது. அந்த வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று வந்த உத்தரவு முக்கியமானது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்து அங்கன்வாடி இல்லாத கிராமமோ குடிசைப் பகுதியோ ஒரு மையம் வேண்டும் என்று கேட்டால், கேட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அது அமைக்கப்பட வேண்டும் என்று அந்த உத்தரவு கூறிற்று.

பிறகு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 வந்தது. கர்ப்பிணிக்கும், பிரசவித்து 6 மாதம் வரை தாய்க்கும், 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கும் அங்கன்வாடி மூலம் இலவச உணவு என்பது இப்போது சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை. மெலிந்த குழந்தையைக் கண்டுபிடித்துக் கூடுதல் உணவு தருவதும் அந்தச் சட்டத்தின் கட்டளை. உரிய உணவு வழங்கப்படாமல் போனால், அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி தர மாநில அரசு கடமைப்பட்டிருக்கிறது.

உரிமை என்று வந்துவிட்டால், கொடுத்தோமா இல்லையா என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா? பதிவேடுகளின் வேலை அதுதான்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

சட்டம் இயற்றப்பட்டபோது 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் என்று அளவு வைத்தார்கள். மிகவும் மெலிந்த குழந்தைக்கு 800 கலோரியும் 20 முதல் 25 கிராம் புரதமும் என்று வைத்தார்கள். 2023-இல் இந்த அட்டவணையைத் திருத்தி, உயிர்ச்சத்துகளையும் தாது உப்புகளையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். வருடத்தில் 300 நாட்கள் உணவு தர வேண்டும் என்பது விதி.

நமது மாநிலத்தில் கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சத்துமாவு வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படுகிறது. இரண்டு வயது நிரம்பியவர்களுக்கு மையத்திலேயே சமைத்த மதிய உணவும், வாரத்தில் 3 முட்டையும் உண்டு. ஒரு வயது முதல் இரண்டு வயது வரை வாரம் ஒரு முட்டை.

இதற்கெல்லாம் ஆகும் செலவுக்கும் அளவு உண்டு. மத்திய அரசு 2017-இல் வகுத்த கணக்குப்படி ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய். மிகவும் மெலிந்த குழந்தைக்கு 12 ரூபாய். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு. 300 நாளைக்கு ஒரு குழந்தைக்கு 2,400 ரூபாய் ஆகிறது. தொகை சிறியதுதான். ஆனால் நாடு முழுவதும் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு என்று பெருக்கும்போது அது மக்கள் வரிப்பணத்தில் பெரும் பங்கு. அதனால் ஒவ்வொரு பிடி அரிசிக்கும் கணக்குக் கேட்கிறார்கள்.

அந்தப் பதினொரு நோட்டுகள்

2012-இல் மத்திய அரசு அங்கன்வாடிப் பதிவேடுகளைச் சீர்படுத்தி, எல்லா மையங்களுக்கும் பொதுவாகப் பதினொன்று என்று வகுத்தது. குடும்ப விவரம், உணவு இருப்பு, உணவு வழங்கல், முன்பருவக் கல்வி, கர்ப்பமும் பிரசவமும், தடுப்பூசியும் கிராம சுகாதார நாளும், வைட்டமின் ஏ, வீடு சந்திப்பு, மருத்துவப் பரிந்துரை, மாதத் தொகுப்பு, குழந்தைகளின் எடை ஆகியவையே அவை.

இவற்றில் தாய் குடும்ப விவரப் பதிவேடுதான். பணியாளர் தமது பகுதியில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போய், வீட்டில் யார் யார், என்ன வயது, யார் கர்ப்பம் என்று எழுதுகிறார். இந்த நோட்டில் பெயர் ஏறினால்தான் மற்றப் பத்து நோட்டுகளுக்கும் அந்தப் பெயர் போகும். இதில் விடுபட்ட குழந்தைக்கு எடையும் இல்லை, முட்டையும் இல்லை, தடுப்பூசி நினைவூட்டலும் இல்லை.

2021 மார்ச் முதல் 'போஷன் டிராக்கர்' என்ற கைப்பேசிச் செயலியும் வந்துவிட்டது. மையம் திறந்தது, குழந்தைகள் வந்தது, உணவு கொடுத்தது, எடையும் உயரமும் எடுத்தது ஆகிய விவரங்கள் அதில் பதிவாகி மேலிடம் போகின்றன.

நோட்டுகள் ஒன்றோடொன்று பேசுவது எப்படி?

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக்கு 80 கிராம் அரிசி. இன்று 20 குழந்தைகள் வந்தால் சமைக்க வேண்டியது 1 கிலோ 600 கிராம். வருகை நோட்டில் 20 என்று இருந்தால், இருப்பு நோட்டில் அதே அளவு அரிசி குறைந்திருக்க வேண்டும். மூட்டையைத் தராசில் வைத்தாலும் மீதி ஒத்துவர வேண்டும்.

வந்தது 20 பேர், ஆனால் 25 என்று எழுதினால் நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி எங்கோ போகிறது. 25 வேலை நாளில் அது 10 கிலோ. மாறாக, வந்த 25 பேரை 20 என்று எழுதிவிட்டால், அடுத்த மாதத் தேவை குறைவாகக் கணக்கிடப்பட்டு 25 பிள்ளைகள் 20 பேரின் உணவைப் பங்கிட வேண்டி வரும். எழுத்து இரண்டு பக்கத்திலும் காவல் நிற்கிறது.

இந்தக் கணக்கை வட்டார மேற்பார்வையாளர் வந்து பார்க்கிறார். அவருக்கு மேல் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர், அவருக்கு மேல் மாவட்டத் திட்ட அலுவலர். அடித்தளத்தில் ஒரே ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும். பாடம் சொல்வதும், சமையலைக் கவனிப்பதும், எடை போடுவதும், வீடு வீடாகப் போவதும், இவ்வளவையும் எழுதுவதும் இந்த இருவர் கைகளில்தான். அவர்கள் முகம் சுளித்தால் நாம் உடனே கோபப்படாமல் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எடை நோட்டுதான் உயிர் காக்கும் நோட்டு

மருத்துவமனை ஊழியர்களாகிய எங்களுக்கு மிக அருமையானது எடைப் பதிவேடு. 1980-இல் வந்த தமிழ்நாடு திட்டத்தின் தனிச்சிறப்பே இதுதான். அதில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்றுபோன குழந்தைக்கு 90 நாள் விசேஷ உணவு கொடுத்து, பிறகு மீண்டும் பார்த்தார்கள். குழந்தை எலும்பும் தோலுமாகும் வரை காத்திராமல், எடைக்கோடு தட்டையாகும்போதே விழித்துக்கொள்ளும் முறை அது.

தாயின் கண்ணுக்குத் தினமும் பார்க்கும் பிள்ளையின் மெலிவு எளிதில் தெரிவதில்லை. மூன்று மாதம் ஒரே எடை நின்றால் நோட்டு அதைச் சொல்லிவிடும். அதுபோல, 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான மெலிவு. அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சளிக் காய்ச்சலோ பேதியோ வந்தாலே உயிருக்கு ஆபத்து. அப்போது பரிந்துரைப் பதிவேட்டில் எழுதி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சீட்டோடு வரும் தாயிடம் முந்திய மாத எடைகளும் இருக்குமானால், பிள்ளை எப்போதிருந்து இறங்கியது என்பது எங்களுக்கு உடனே விளங்கும். சிகிச்சையில் அது பெரிய உதவி.

பெயர் எங்கே விடுபடுகிறது?

உரிமை இருக்கிறது, உணவும் இருக்கிறது, பின் ஏன் சில பிள்ளைகள் விடுபடுகிறார்கள்? ஏரிக்கரையில் இதற்குச் சில காரணங்கள் உண்டு.

முதலாவது, இடம் மாறுவது. இறால் கிடைக்கும் கரையைத் தேடி ஒரு குடும்பம் இரண்டு மாதம் வேறு ஊரில் குடிசை போட்டால், பழைய ஊர் நோட்டில் அந்தப் பிள்ளை 'வரவில்லை' என்றாகிறது. புது ஊர் நோட்டில் பெயரே இல்லை. இந்த இரண்டு மாதம் 10 மாதக் குழந்தைக்கு வந்தால் இழப்பு பெரிது. தாய்ப்பாலோடு திட உணவு சேர்க்க வேண்டிய வயது அது. போஷன் டிராக்கரில் ஒரு மையத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெயரை மாற்றும் வசதி இருக்கிறது. ஆனால் தாய் போய்ச் சொன்னால்தானே நடக்கும்!

இரண்டாவது, காகிதம் இல்லாத பயம். "ஆதார் இல்லை, விரட்டுவார்கள்" என்று எண்ணிப் பல ஏழைத் தாய்மார் மையத்துக்கே போவதில்லை. குழந்தைக்கு ஆதார் கட்டாயமில்லை, தாயின் ஆதாரைக் கொண்டே உணவு பெறலாம் என்று மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இந்தச் செய்தி இன்னும் எல்லாக் குடிசைகளுக்கும் போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவது, கைப்பேசி. 2025 ஜூலை 1 முதல் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவைப் பெறுவோரின் முகத்தைச் செயலியில் சரிபார்க்க வேண்டும் என்று விதி வந்தது. பொய்ப் பெயரில் மாவு போவதைத் தடுப்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் பதிவு செய்த எண் கணவரின் கைப்பேசியில், கணவரோ படகில் என்றால் தாய் வெறுங்கையோடு திரும்ப நேரிடலாம். ஆகையால் எந்த எண்ணைக் கொடுக்கிறோம் என்பதைத் தாய்மார் முதலிலேயே யோசிக்க வேண்டும்.

நான்காவது, ஆட்கணக்கு. பொதுவாகக் கிராமப்புறத்தில் 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம் என்பது நியதி. ஆற்றுப்படுகை, மலை, பாலை போன்ற கடின இடங்களில் 300 பேரே போதும். 150 பேர் இருந்தால் சிறு மையம் கேட்கலாம். தண்ணீர் சூழ்ந்த ஒரு சிறு குப்பம் பெரிய ஊரோடு சேர்த்து எண்ணப்பட்டால், மூன்று வயதுப் பிள்ளை நடக்க முடியாத தூரத்தில் மையம் அமைந்துவிடும். தன் குப்பத்துப் பிள்ளைகளை எண்ணிப் பட்டியல் எழுதத் தெரிந்த ஊர் இதற்கு வழி காணும்.

அயல்நாட்டிலும் இப்படித்தான்

நமது நாட்டில் மட்டும்தான் இவ்வளவு எழுத்து வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1968 முதல் குழந்தைகள் காப்பகங்களில் அரசுச் செலவில் உணவு தரும் திட்டம் உண்டு. அங்கே அரசு அரிசி மூட்டை அனுப்புவதில்லை. காப்பகம் முதலில் பரிமாறுகிறது; பரிமாறிய வேளைகளை எண்ணிக் கணக்குக் காட்டினால் பணம் திரும்ப வருகிறது. ஒவ்வொரு மையத்தையும் வருடத்தில் குறைந்தது 3 முறை பார்வையிட வேண்டும். அதில் 2 முறை முன்னறிவிப்பின்றிப் போக வேண்டும். கணக்குகளை 3 வருடம் பாதுகாக்க வேண்டும். எழுதாத வேளைக்குக் காசு கிடையாது. செல்வ நாடானாலும் பொதுப் பணத்தில் பிள்ளைக்குச் சோறு போடும்போது, "யார் சாப்பிட்டார்கள்?" என்ற கேள்விக்குப் பதில் எழுதியே ஆக வேண்டியிருக்கிறது.

நாமே சமைத்தால் என்ன?

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். புயலோ வெள்ளமோ வந்து மையமே மூடிக் கிடக்கும் நாட்களில் நாமும் அடுப்பு மூட்டத்தான் வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் நாள்தோறும் அங்கன்வாடிக்குப் பக்கத்தில் நாம் வேறோர் அடுப்பு மூட்டினால் என்ன ஆகும்? பிள்ளைகள் நம்மிடம் வருவார்கள். அங்கே வருகை குறையும். வருகை குறைந்தால் பொருள் குறையும். நம் கையில் பணம் தீர்ந்து அடுப்பை அணைக்கும் நாளில், அந்தப் பிள்ளைகளுக்கு நம்மிடமும் உணவு இராது, அங்கேயும் பெயர் இராது. ஒரு பிள்ளைக்கு நாம் ஒரு வருடம் சோறு போடுவதைவிட, அதே பிள்ளையின் பெயரை ஆறு வயது வரை நோட்டில் நிலைக்கச் செய்வது பெரிய உதவி என்று நாங்கள் நம்புகிறோம்.

ஆகவே உங்கள் காணிக்கை பயன்பட வேண்டிய வழிகள் வேறு. பிறப்புப் பதிவு அதில் முதன்மையானது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறந்து 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. மருத்துவமனையில் பிறந்த குழந்தையைப் பற்றிப் பதிவாளருக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் பொறுப்பு. வீட்டில் பிறந்தால் குடும்பத்தார் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் கடந்துவிட்டால் அதிகாரியின் உத்தரவு பெற அலைய வேண்டியிருக்கும். ஒரு நாள் கூலியை இழந்து அலையும் குடும்பத்துக்குப் பேருந்துக் கட்டணமே பாரம். அந்தப் பாரத்தை நாம் சுமக்கலாம். படிக்கத் தெரியாத தாய்க்கு மனு எழுதித் தரலாம். குப்பத்தில் ஆறு வயதுக்குட்பட்டோர் 40 பேர் இருக்கிறார்களா என்று எண்ணிப் பட்டியலிட இளைஞருக்குக் கற்றுத் தரலாம். எடைச் சீட்டோடு மருத்துவமனைக்கு வரும் தாய்க்கு வழிச்செலவும், தங்கும் நாட்களுக்கு உணவும் தரலாம்.

உங்கள் ஊரிலும் இதைச் செய்ய முடியும். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமோ, கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பத்திடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, பிள்ளை பெயரைப் பால்வாடியில் எழுதிவிட்டாயா?" இல்லை என்றால் கையோடு கூட்டிப் போங்கள். பணியாளரிடம் பணிவாகப் பேசுங்கள். தடுப்பூசி அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எடை போடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலைதான், செலவு ஒன்றுமில்லை.

காகித வேலைக்குப் பணம் கேட்கும்போது கொடுப்பவர் மனம் அவ்வளவு இளகாது என்பது எங்களுக்குத் தெரியும். சிரிக்கும் பிள்ளையின் படத்தைப் போல ஒரு நோட்டின் பக்கம் யாரையும் உருக்குவதில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் ஒரு வரி, ஒரு பெயர், அதற்கு நேரே மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் எடை. உங்கள் அன்பு போய்ச் சேர்ந்ததற்கு இதைவிட நல்ல ரசீதை எங்களால் அனுப்ப முடியாது.

ஏரிக்கரைப் பிள்ளைகளை ஜெபத்தில் நினைக்கும்போது, அவர்களுக்காகச் சமைக்கும், எழுதும் அந்த இரண்டு பெண்களையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.